முதல் சிடி

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் உங்கள் மகள் பொடிசும் சுகமாக இருக்கிறோம். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. நாக்கால் தள்ளித் தள்ளி அதை ஒரு வழி பண்ணிக்கொண்டிருக்கிறாள். அந்த ஊர்க் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? போகும்போது இருந்த இருமல் விட்டதா?

அக்கா போன மூன்றாவது வாரமே நீங்கள் வேலைக்கென்று விமானம் ஏறிவிட்டதால் சில விஷயங்களைப் பேச நேரமில்லாமல் போயிற்று. அதில் ஒன்றை இப்போது கேட்கிறேன். அக்காவின் கம்ப்யூட்டர் என் அறையில்தான் இருக்கிறது. கடைசி வாரத்தில், பேசவே மூச்சு வாங்கிய நேரத்தில், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் அதுல எழுதி வச்சிருக்கேன்டி. நான் போனப்புறம் படி" என்றாள். பாஸ்வேர்டை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்? பொடிசின் பெயர், பிறந்த தேதி, வீட்டு எண் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் பெயரைக்கூடப் போட்டேன். திறக்கவில்லை.

கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்ப்பதுதானே உங்கள் தொழில்? நான் ஜெராக்ஸ் கடைக்காரி. மிஷினில் காகிதம் சிக்கினால் எடுக்கத் தெரியும், அதோடு சரி. அவள் எழுதியதைப் படிக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி கிடையாது. ஒரு வழி சொல்லுங்கள்.

தபால்காரரை வாசலிலேயே வழிமறிக்கக் காத்திருக்கும்,
வாலு

*

பிப்ரவரி 23

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன். இருமல் போய்விட்டது. குளிர் மட்டும் எலும்பில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பொடிசின் பல்லை நூல் கட்டி இழுக்காதே, தானாக விழட்டும்.

கம்ப்யூட்டர் விஷயம். பாஸ்வேர்டு தெரியாத விண்டோஸோடு மல்லுக்கட்டுவது வீண். அதற்குப் பதில் லினக்ஸ் போடு. இதுவும் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை நடத்துகிற மென்பொருள்தான், ஆனால் இலவசம். யாரும் பிரதி எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், அது திருட்டு ஆகாது. அதனாலேயே ஆளாளுக்கு ஒன்று என்று வகை வகையாகச் செய்து விட்டிருக்கிறார்கள். உனக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க வேண்டும். முதலில் மாண்ட்ரேக் என்கிற வகையை வைத்திருக்கிறேன். சிடியைப் போட்டு மெஷினை ஆன் செய். நடுவில் டிஸ்க்கை என்ன செய்வது என்று கேட்கும். 'முழு டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடு. இங்கிலீஷில் எதையாவது சொல்லிப் பயமுறுத்தும், கண்டுகொள்ளாதே. ஓகே அடித்துக்கொண்டே போ. அதன் பிறகு பூட்டும் இருக்காது, ஒன்றும் இருக்காது.

முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. இதைக் கற்றுக்கொண்டால் ஜெராக்ஸ் கடையில் ஆயுசைக் கழிக்க வேண்டியதில்லை. ஆபீஸ் மெயிலில் வீட்டு விஷயம் எழுத எனக்குப் பிடிக்காது, சிடிக்கு எப்படியும் தபால்தான். ஆகவே கடிதமாகவே எழுது.

உன் நலம் நாடும்,
அத்தான்

*

மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

பல் விழுந்துவிட்டது. பொடிசு அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்து உங்களுக்கு அனுப்பச் சொன்னாள். எடை கூடுமே என்று நான்தான் தடுத்தேன். நீங்கள் எலும்புக்குச் சூடு பிடிக்கிற மாதிரி ஏதாவது உடுத்துகிறீர்களா?

மாண்ட்ரேக் போட்டாயிற்று! ஒன்றரை மணி நேரம் ஆனது. பார்க்கக் கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது. எதைத் தொட்டாலும் "இதைச் செய்யட்டுமா, அதைச் செய்யட்டுமா" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வருகிறது. உபசாரம் கொஞ்சம் அதிகம், மற்றபடி நல்ல பிள்ளை.

ஒரே ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. நீங்கள் சொன்ன 'முழு டிஸ்க்' பக்கத்தில் 'எரேஸ்' என்று ஒரு வார்த்தை. என் இங்கிலீஷுக்கே அது தெரியும், அழிப்பது. உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பயமுறுத்தும், ஓகே அடி என்றுதான் இருந்தது. அடித்தேன்.

அத்தான், அக்கா எழுதியது எங்கே? எல்லா இடத்திலும் தேடினேன். காணோம்.

வாலு

*

மார்ச் 26

அன்புள்ள வாலுவுக்கு,

நான் சுகம். உடனே பதில் எழுதுகிறேன், நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளக் கூடாதே என்று.

எரேஸ் என்றது விண்டோஸின் பூட்டை. உள்ளே இருப்பது அடியில் அப்படியே பத்திரமாக இருக்கிறது. மாண்ட்ரேக் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. அதற்கு அடியில் கிடப்பதைப் பார்க்கிற கண் கிடையாது. இத்துடன் ரெட் ஹாட் மூன்று சிடி. இது ஆபீஸ்களில் ஓடுகிற வகை. இதிலும் அதே மாதிரி, இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு டிஸ்க்கிலும் போடு. பாதி டிஸ்க்கில் மட்டும் போட்டால் இது சரியாக ஓடாது. இரண்டையும் ஒப்பிட்டு எழுது.

நலம் நாடும்,
அத்தான்

*

ஏப்ரல் 20

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. கடையில் மிஷின் சூட்டோடு அதையும் சேர்த்துத் தாங்குகிறேன். பொடிசுக்கு வேர்க்குரு. உங்களுக்கு அங்கே குளிர் குறைந்திருக்கும், சாப்பாட்டு நேரம் தவறாமல் இருங்கள்.

ரெட் ஹாட் மாண்ட்ரேக் மாதிரி இளித்துப் பேசாது. உத்தியோகக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. மாண்ட்ரேக்கில் எங்கள் பழைய பிரிண்டர் தானாக வேலை செய்தது, இதில் நான் அரை நாள் மன்றாடினேன். ஆனால் கட்டளைகளை டைப் அடிக்கும் கறுப்புத் திரை இதில்தான் எனக்குப் பழக்கமானது. இப்போது அது இல்லாமல் கை ஓடுவதில்லை.

அக்கா எழுதியது இதிலும் இல்லை. கடைக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருக்கிறார். பொறுமைசாலி. அவரிடம் கொண்டுபோய்க் காட்டட்டுமா? அக்கா என்ன எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.

வாலு

*

மே 4

வாலுவுக்கு,

நலம்தான். உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? சாகக் கிடந்தவள் எழுதியதை எவனோ ஒரு ரிப்பேர்காரன் படிக்க வேண்டுமா? நாளைக்கு ஊர் முழுக்கச் சிரிக்கும். மெஷினை அறையை விட்டு வெளியே எடுக்காதே.

கடைசியாக டெபியன் அனுப்புகிறேன். இது எல்லாவற்றிலும் கறாரானது. மற்றவை மாதிரி அவசரப்படாது, ஒன்றைப் பல தடவை சோதித்த பிறகுதான் உள்ளே விடும். இதற்கு எல்லாம் தெரியும். முதலில் டிஸ்க்கை வழித்துவிட்டுப் போடு.

அத்தான்

*

ஜூன் 2

அன்புள்ள அத்தானுக்கு,

பொடிசுக்கு நான்கு நாளாக ஜுரம் அடித்து நேற்றுதான் விட்டது. பிதற்றலில் உங்களைத்தான் கூப்பிட்டாள். ஒரு வரி அவளுக்கென்று தனியாக எழுதுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன். உங்கள் உடம்பு எப்படி?

டெபியன் என்னை ஒரு வாரம் அழவைத்தது. படம் கிடையாது, சிரிப்பு கிடையாது, கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்துகொண்டு வந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். ஆனால் போட்டு முடித்த பிறகு அசையவில்லை அத்தான், கல்லாக நிற்கிறது. மூன்றில் இதுதான் என் கட்சி. கடை மெஷினுக்கும் இதையே போட்டுவிட்டேன். முதலாளி முதலில் முறைத்தார், இப்போது வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம பொண்ணுதான் போட்டுச்சு" என்று பெருமையடிக்கிறார். கல்லூரிப் பெண் ஒருத்தி ஸ்லாக்வேர் என்று இன்னொரு வகையின் சிடி கொடுத்திருக்கிறாள். அதையும் பார்க்கப் போகிறேன்.

பொடிசைப் பள்ளியில் சேர்க்க அக்காவின் காகிதங்கள் கேட்டார்கள். மருத்துவமனைக்குப் போய் வாங்கிவந்தேன். அங்கே எல்லாத் தேதியும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

டெபியனிலும் அக்கா எழுதியது தெரியவில்லை. அடுத்து என்ன செய்ய?

வாலு

*

ஆகஸ்ட் 29

வாலுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேலை நெருக்கடி, எழுத முடியவில்லை.

மூன்று வகையிலும் கிடைக்கவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மருந்து மயக்கத்தில் ஏதோ சொல்லியிருப்பாள். நீ அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. விடு.

இன்னொரு விஷயம். இங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். ஆபீஸில் வீடும் கொடுத்துவிட்டார்கள். டிசம்பரில் வந்து மகளை அழைத்துக்கொள்வேன். அவளுக்குத் துணிமணி எடுத்து வைத்துவிடு. நீ பாசம் என்று சொல்லி அவளைக் கெடுத்து வைத்திருப்பாய், இங்கே வந்தால் சரியாகிவிடும். அழுது தொல்லை கொடுப்பாள் என்றால் முன்கூட்டியே சொல்லாதே. பெற்றவன் நான், சட்டம் என் பக்கம். நீ வருத்தப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. உனக்கும் வயதாகிறது, உன் வழியைப் பார்த்துக்கொள்.

அந்தக் கம்ப்யூட்டரை நீயே வைத்துக்கொள். என் பரிசு.

அத்தான்

*

செப்டம்பர் 16

அத்தானுக்கு,

இங்கே இரண்டு பேருக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. புது வாழ்க்கை அமையப்போவது கேட்டுச் சந்தோஷம்.

பூட்டைப் பற்றி எழுதினால் நீங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே பதில் போட்டீர்கள். பொடிசின் ஜுரத்தைப் பற்றி எழுதினேன், மூன்று மாதம் ஆயிற்று. அவளுக்கென்று கேட்ட ஒரு வரி இதிலும் இல்லை.

இன்னும் இரண்டு வகையைப் பார்த்துவிட்டேன், அதையும் சொல்லி ஒப்பீட்டை முடித்துவிடுகிறேன். ஸ்லாக்வேர் எதையும் தானாகச் செய்யாது. டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, எதை வைப்பது, எதை அழிப்பது எல்லாம் நம் தலையில். படிக்காமல் அதைத் தொட முடியாது. இன்னொன்று நாப்பிக்ஸ். அதைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை. டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடுகிறது. போட்டுவிட்டு ஆன் செய்தால், டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் திரையில் அடுக்கிக் காட்டுகிறது. எந்தப் பாஸ்வேர்டும் கேட்பதில்லை.

நாப்பிக்ஸ் எனக்குக் கிடைத்தது பிப்ரவரியில். கடைக்கு வந்த ஒருவர் பத்திரிகையோடு வந்த சிடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். உங்கள் முதல் சிடி வருவதற்கு நான்கு நாள் முன்பு அதைப் போட்டுப் பார்த்தேன். அக்கா எழுதியது நாற்பத்து மூன்று பக்கம். எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டுதான் உங்கள் மாண்ட்ரேக்கைப் போட்டேன். அதற்குப் பிறகும் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான்.

போன வருஷம் ஜனவரி பதினொன்றாம் தேதியிலிருந்து நடந்ததை எல்லாம் அவள் எழுதியிருக்கிறாள். எங்களிடம் நீங்கள் அந்த வருஷம் செப்டம்பரில்தான் நோய் தெரிந்தது என்றீர்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்கிற இடம் மட்டும் எனக்குப் புரியவில்லை. அவள் பக்கத்தைப் படித்துவிட்டேன். உங்கள் பக்கத்தையும் தெரிந்துகொண்டு, டிசம்பருக்கு முன் பெரியவர்கள் நாலு பேரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன்.

வாலு

*

செப்டம்பர் 27

அன்புள்ள வாலுவுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன். தயவுசெய்து அவசரப்பட்டு யாரிடமும் எதையும் காட்டாதே. நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறது.

உன் அக்கா கோபத்தில் எழுதியதை மட்டும் படித்துவிட்டு என்னை எடைபோடாதே. ஜனவரி பதினொன்றில் பரிசோதனை முடிவு என் கையில் வந்தது உண்மைதான். ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் உண்மை. ஆனால் அப்போதுதான் இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது பெரிய நோய் என்று தெரிந்தால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் எல்லாம் உறுதியாகிவிடும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அது இழுத்துக்கொண்டே போயிற்று. ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நான் ஒன்றும் விஷம் கொடுக்கவில்லை.

அந்தக் காகிதத்தைப் பிரிண்டர் பெட்டியில் வைத்திருந்தேன். ஆகஸ்டில் அவளே எடுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை, அழவில்லை. "ஒரு வேலைக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். இதையும் எழுதியிருப்பாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை விட்டுவிட்டு அந்த மெஷின் முன்னாலேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். பயமாக இருக்காதா? உன் கடிதம் வந்ததும் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அதனால்தான் முதல் சிடியிலேயே முழுவதையும் அழிக்கிற மாதிரி உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். தப்புதான். மன்னித்துவிடு.

பொடிசை நீயே வைத்துக்கொள். நான் கேட்கவே மாட்டேன், எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன். உன்னிடம் இருக்கும் பிரதியை மட்டும் அழித்துவிடு. எனக்கு வேலை போகும், கல்யாணம் நிற்கும். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் அத்தான்

*

அக்டோபர் 15

அத்தானுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பொடிசுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது. கொஞ்சம் கோணல், அக்காவுக்கு இருந்த மாதிரியே.

ஸ்லாக்வேருக்காக நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்தேன். ஜூன் கடைசியில். டிஸ்க்கைப் பிரிப்பது பற்றிய அத்தியாயத்தில் முதல் பக்கத்திலேயே எரேஸ் என்றால் என்ன என்று போட்டிருந்தது. பூட்டு, அடி, பத்திரம் எதுவும் அதில் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்காரரிடம் போனேன். அவர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். "மூணு தடவ மேல மேல எழுதியிருக்கீங்கம்மா. இனிமே ஒண்ணும் தேறாது. மொதல்லயே எங்கிட்ட வந்திருந்தா, நாப்பிக்ஸ்னு ஒரு சிடி இருக்கு, பத்து நிமிஷ வேல" என்றார். நாப்பிக்ஸை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர்தான் போட்டுக் காட்டினார். டெபியனைத் தவிர டிஸ்க்கில் வேறொன்றையும் அது காட்டவில்லை.

ஆமாம் அத்தான். நாற்பத்து மூன்று பக்கம் என்பது நானாகக் கட்டிச் சொன்ன கணக்கு. அக்கா எழுதியதில் ஓர் எழுத்துக்கூட நான் படித்ததில்லை. இனியும் படிக்கப்போவதில்லை. எனக்கென்று அவள் விட்டுப்போனதை என் விரலாலேயே அழித்துவிட்டு, எப்படி அழித்தேன் என்று உங்களுக்கு அழகாகக் கடிதமும் எழுதினேன். உபசாரம், கறார், என் கட்சி என்றெல்லாம். அவற்றை நினைத்தால் இந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

என்னிடம் இருந்தது மருத்துவமனைக் காகிதத்தில் பார்த்த, பரிசோதனை முடிவை உங்களிடம் கொடுத்த தேதி மட்டும். ஜனவரி பதினொன்று. மற்றதை எல்லாம் நீங்கள் எழுதினீர்கள். டாக்டர் சொன்னது, மாத்திரை, பிரிண்டர் பெட்டி, அவள் கேட்ட கேள்வி, எல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது, கீழே கையொப்பத்தோடு. அவள்கூட இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பாளா என்று தெரியவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரி என்ன செய்வாளோ அதைச் செய்துவிட்டேன். மூன்று பிரதி. ஒன்று உங்கள் ஆபீஸுக்கு. ஒன்று நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவருக்கு, ஆபீஸ் முகவரிக்கே போட்டிருக்கிறேன். இரண்டும் நேற்றுத் தபாலில் போய்விட்டன. மூன்றாவதைப் பொடிசுக்கு வைத்திருக்கிறேன். அவளுக்குப் பதினெட்டு வயது ஆனதும் கொடுப்பேன். நீங்கள் அவளுக்கென்று தனியாக ஒரு வரியும் எழுதவில்லை அல்லவா, அதற்குப் பதிலாக இருக்கட்டும். அசல் ஒரு வக்கீலிடம் இருக்கிறது. டிசம்பரில் நீங்கள் வர வேண்டியதில்லை.

யாரும் பிரதி எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், அது திருட்டு ஆகாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

ரத்த அழுத்தம் என்று எழுதியிருந்தீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனை ஏதாவது எடுத்தால், முடிவை வீட்டில் இருப்பவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய தங்கை